தலையெழுத்து திருத்துகிறவர்

மூன்று கோடு போட்ட பிறகுதான் தலை நிமிர்கிறார். ஒரு சின்ன ஆங்கில எழுத்தின் காலடியில், ஒன்றின்கீழ் ஒன்றாக, எறும்புக் கால் நீளத்துக்கு மூன்று சிவப்புக் கோடு. ‘இந்த எழுத்தைப் பெரிதாக்கு’ என்று அதற்குப் பொருள். பெரிய எழுத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்தால் ‘இதைச் சின்னதாக்கு’. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை இந்த உயர்த்தலும் தாழ்த்தலும்தான் வேலை. நடுவில் தேநீர் வரும். அதன்மேல் ஓர் அட்டையை மூடி வைப்பார். மூடி வைத்ததை மறந்துவிடுவார். ஆறிப்போனதை ஒரு மடக்கு குடித்து முகம் சுளிப்பார். அறையில் உள்ள மற்றவர்கள் அதைப் பார்த்து மணி பதினொன்று என்று தெரிந்துகொள்வார்கள்.

அலுவலகத்தில் அவருக்குக் ‘கேப்பிடல் சார்’ என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சாகும் ஒரு சமயக் கலைக்களஞ்சியத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறார். அதிலும் அவர் பொறுப்பு ஒன்றே ஒன்று: மறைநூல்களின் பெயர்கள். எந்தப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், எது தொடங்கக் கூடாது. கேப்பிடல் இல்லாத கேப்பிடல் என்று கணக்குப் பிரிவில் ஒரு பழைய ஜோக் ஓடுகிறது. அவர் சிரிக்க மாட்டார். “அதுல முதல் கேப்பிடல் ஆகுபெயரா, அடைமொழியா?” என்று கேட்பார். சொன்னவர் ஜோக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்.

தலையெழுத்தை மாற்ற யாராலும் ஆகாது என்று சொல்லிச் சொல்லியே நாம் சோம்பேறியாகிவிட்டோம். இவர் சாப்பாட்டு வேளைக்கு முன் நாற்பது தலையெழுத்தை மாற்றிவிட்டுக் கை கழுவப் போகிறார்.

“மூணே விதிங்க,” என்று விரலை மடக்குவார். “புத்தகத்தோட பேரா இருந்தா பெரிய எழுத்து. அந்தப் பேர்லேர்ந்து பொறந்த அடைமொழின்னா சின்ன எழுத்து. அப்பன் பெரிய மனுஷன்னா பிள்ளையும் பெரிய மனுஷன்னு ஆயிடுமா என்ன. மூணாவது, சாய்வெழுத்து கிடையாது. நாவலைச் சாய்க்கலாம், நாடகத்தைச் சாய்க்கலாம். கடவுள் சொன்னதா நம்பற புத்தகம் நிமிந்துதான் நிக்கணும்.”

மூன்று விதிக்கும் சேர்த்து நூற்று எண்பது விதிவிலக்குகள். அவற்றை ஒரு நீள நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். ‘வேதம்’ என்று பொதுவாகச் சொன்னால் சின்னது. குறிப்பிட்ட நூலைச் சொன்னால் பெரியது. ‘தோட்டக்காரர்களின் வேதம்’ என்று உரம் பற்றிய புத்தகத்தை யாராவது புகழ்ந்தால் சின்னது, அதுவும் போனால் போகிறதென்று. இவற்றை வரிக்கு வரி பார்ப்பதற்காக ஓர் அட்டையில் ஜன்னல் வெட்டிவைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக ஒரு வரிதான் தெரியும். மேலே என்ன சொன்னார்கள், கீழே என்ன சொல்லப்போகிறார்கள் என்பது மறைந்துவிடும். அர்த்தம் புரிந்தால் கவனம் சிதறும் என்பது அவர் கட்சி.

இப்படி ஒரு வேலையில் இருப்பவரைத் தேடிப் பக்தர்கள் வராமல் இருப்பார்களா? தூதுக்குழுவாகவே வருவார்கள். போன மாதம் ஒரே நாளில் மூன்று. முதல் குழு, தங்கள் நூலின் பெயரில் எல்லா எழுத்தையும் பெரிதாகப் போடக் கேட்டது. “அப்படிப் போட்டா படிக்கறவனுக்கு நீங்க கத்தற மாதிரி கேக்கும்,” என்று சொல்லி அனுப்பினார். அடுத்தது, எல்லார் நூலையும் சின்ன எழுத்தில் போடக் கேட்ட நாத்திகர்கள். “நீங்க நம்பலைன்னாலும் பேரு பேருதாங்க. எனக்குப் பிடிக்காத ஆள் பேரைக்கூட நான் சின்ன எழுத்துல எழுதறதில்ல.” மூன்றாவது குழுவின் குறை நியாயமானது, ஆனால் தீர்க்க வழியில்லாதது.

“அவங்களுக்கு ரெண்டு பெரிய எழுத்து குடுத்திருக்கீங்க. எங்களுக்கு மட்டும் ஒண்ணா?”

“அவங்க புத்தகத்துப் பேர்ல ரெண்டு வார்த்தைங்க. உங்களுது ஒரே வார்த்தை.”

“அதுக்கு நாங்க என்ன பண்றது?”

“அதைப் பேரு வெச்சவர்கிட்டதான் கேக்கணும்.”

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். என் மேசை அவர் மேசைக்கு எதிரில், கலைக்களஞ்சியத்தின் தமிழ்ப் பதிப்புக்காகப் போடப்பட்டது. “உங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல. தமிழ்ல கடவுளுக்கும் கத்தரிக்காய்க்கும் ஒரே ‘க’தான்,” என்றார். பொறாமையாகச் சொன்னாரா, ஏளனமாகச் சொன்னாரா என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எந்தப் புத்தகத்தைக் கும்பிடுகிறவர் என்று ஒருநாள் கேட்டேன். அவர் பதிலை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் உடனே கட்சி சேர்ந்துவிடுவீர்கள். பிறந்த வீட்டில் ஒரு நூல் இருந்தது, இப்போதும் அலமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான். “படிச்சிருக்கீங்களா?” “முதல் எழுத்தை லட்சம் தடவை படிச்சிருக்கேன்.” எல்லா மதத்து நூலையும் அவர் வாசல்வரைதான் படித்திருக்கிறார். உள்ளே போனதில்லை.

இன்னொரு குறியும் உண்டு. போட்ட திருத்தம் தவறு என்று பிறகு தெரிந்தால், அந்த எழுத்தின் அடியில் வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். ‘இருக்கட்டும், முன்பு இருந்தபடியே விட்டுவிடு’ என்று பொருள். முப்பத்தோரு வருடத்தில் கலைக்களஞ்சியப் பக்கங்களில் அவர் புள்ளி வைத்தது இரண்டு முறை. “புள்ளி வெச்சா, தப்பு நம்மளுதுன்னு கையெழுத்துப் போட்ட மாதிரி,” என்பார். அந்த இரண்டு பக்கமும் எந்தத் தொகுதியில் எந்த வரி என்பது அவருக்கு மனப்பாடம்.

இனி அவருடைய மகள்.

ஏழு வருடத்துக்கு முன் மகள் வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். சண்டை ஒன்றும் இல்லை. “எனக்கு ஆட்சேபம் இல்லன்னு சொல்லலையே தவிர, ஆட்சேபம்னும் சொல்லலை,” என்கிறார் இவர். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரமே அவளிடமிருந்து கடிதம் வந்தது, அலுவலக முகவரிக்கு. மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. அவனும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ‘அப்பா, எங்கள் வீட்டில் ஒரே அலமாரிதான். அதில் அவருடைய நூலும் இருக்கும், உங்களுடையதும் இருக்கும். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.’ இரண்டு நூலின் பெயரையும் எழுதியிருந்தாள். அவனுடையதைப் பெரிய எழுத்தில். அப்பாவுடையதைச் சின்ன எழுத்தில்.

ஒன்றுமில்லை, அவசரத்தில் கை தவறியது. இவருக்கும் அது அப்போதே தெரியும். ‘ஒரே அலமாரி’ என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது என்று இவரே சொல்கிறார். கண் அந்த வேலையில் இருக்கும்போது கை தன் வேலையைச் செய்தது: சின்ன எழுத்தின் அடியில் மூன்று சிவப்புக் கோடு. படித்து முடித்த தாளை வழக்கம்போல் இடது பக்கத் தட்டில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

அந்த அலுவலகத்தில் மேசைக்கு இரண்டு தட்டு. வலது பக்கம் வருகிற தட்டு, இடது பக்கம் போகிற தட்டு. போகிற தட்டில் சிவப்பு பட்ட தாள் எது இருந்தாலும் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு, அன்றைக்கே எழுதியவருக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. விதியைக் கொண்டுவந்தவர் இவரேதான். தபால் பிரிவுக்கு அப்போதுதான் ஓர் அம்மாள் வேலைக்கு வந்திருந்தார். முதல் வாரம். விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். முகம் துடைத்துக்கொண்டு இவர் திரும்பி வந்தபோது நகல் வருகிற தட்டில் இருந்தது, அசல் தபால் வண்டியில் இருந்தது.

மகள் உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது அவள் எழுதிய கடிதம்தான். அப்பாவின் நூலுக்கு அடியில் மூன்று சிவப்புக் கோடு. வேறு ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகு இவர் கூப்பிட்டால் அவள் போனை எடுப்பதில்லை. அம்மாவோடு தினமும் பேசுகிறாள். குழந்தை பிறந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போகிறது. எல்லாச் செய்தியும் அம்மா வழியாகத்தான். “அவருக்கு என் கல்யாணத்தைவிட அந்த ஒரு எழுத்துதான் பெருசு,” என்று அம்மாவிடம் சொன்னாளாம். அவள் நினைத்தது மதத்தை. இவருக்கு மதமெல்லாம் பெரிதில்லை, எழுத்துதான் பெரிது. ஆனால் இதை விளக்கினால் குற்றம் குறையுமா, கூடுமா?

தபால் பிரிவு அம்மாளை எல்லாரும் தபாலக்கா என்கிறார்கள். சிரித்த முகம், வாய் ஓயாது. இவர் மேசைக்கு வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். “நாந்தான சார் போட்டேன்” என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “நீ விதிப்படி செஞ்சம்மா” என்று ஏழு வருடமாக இவர் சமாதானம் சொல்கிறார். அது சமாதானம்தானா என்று அக்காவுக்கு இன்னும் சந்தேகம்.

பதில் எழுதாமல் இல்லை. எழுதிக்கொண்டே இருந்தார். கீழ் இழுப்பறை முழுக்கப் பதில்தான். ஒன்றில் அவன் நூலை முன்னால் எழுதினார். முகஸ்துதி போலப் பட்டது. இன்னொன்றில் தன் நூலை முன்னால் எழுதினார், பழைய கதை. ஒன்றில் இரண்டு பெயரையும் தவிர்த்து ‘நூல்கள்’ என்றார். கோழைத்தனம் என்று அவரே ஓரத்தில் குறித்துவைத்தார். “தமிழ்ல எழுதுங்க சார், பெருசு சிறுசுங்கற வம்பே வேணாம்,” என்று தபாலக்கா ஒருமுறை யோசனை சொன்னார். இவர் தலையாட்டினார். “மாப்பிள்ளை படிக்கணும்மா. அவர் புத்தகத்துக்கு நான் பெரிய எழுத்து போட்டிருக்கேங்கறத அவர் கண்ணால பாக்கணும். அதுதான் லெட்டரே. மத்ததெல்லாம் சும்மா, நலம் நலமறிய ஆவல்.”

போன வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் போனை மேசையில் வைத்து உரக்கவிட்டுத்தான் பேசுவார். அறைக்கே கேட்கும்.

“என்னங்க, எழுதினீங்களா இல்லியா?”

“எழுதிட்டேன்.”

“அனுப்பிட்டீங்களா?”

“பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“பாருங்க, நல்லா பாருங்க. நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள பேத்திக்கு நரை விழுந்துடும். ஞாயித்துக்கெழம காலையில அவங்களுக்கு வெளிநாட்டு ஃப்ளைட்டு. போனா எப்ப வருவாங்களோ, வருவாங்களோ மாட்டாங்களோ. அப்பா கைப்பட ரெண்டு வரி வந்தா, ஏர்போர்ட் போற வழியில நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்னு அவ வாய்விட்டுச் சொல்லியிருக்கா. ஏழு வருஷத்துல மொத தடவ.”

“தெரியும்.”

“தெரியும், தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உக்காருங்க.”

நாலு மணிப் பையில் போனால் சனிக்கிழமை காலை மகள் கையில் கிடைத்துவிடும். அடுத்த பை திங்கட்கிழமைதான். இவர் மேசையில் ஒரு பக்கக் கடிதம் தயாராக இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் எழுதியது. நீல மையில் அழகான கையெழுத்து. நான் ஒருமுறை பார்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். “நீங்க தமிழ் ஆளு. ஒரு ‘க’ போதும்னு வாழறவர்,” என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தமாதிரிகூட இருந்தது.

மூன்றே முக்காலுக்குத் தபாலக்கா பையோடு வந்து நின்றார்.

“குடுங்க சார். நானே உறையில போட்டு ஒட்டிடறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்.”

“ஒரே ஒரு தடவ பாத்துடறேம்மா.”

“பாத்தது போதும் சார்.”

“பாக்காம எப்படிம்மா அனுப்பறது?”

ஜன்னல் அட்டையை எடுத்தார். முதல் வரி. இரண்டாவது. அட்டை மெதுவாக இறங்கியது. அக்கா பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஒன்பதாவது வரியில் அட்டை நின்றது. நின்றது நின்றதுதான். நான் எழுந்து அவர் பக்கம் போய்ப் பார்த்தேன்.

ஜன்னலுக்குள் இரண்டு நூல்களும் அக்கம்பக்கமாக இருந்தன. அவருடையது பெரிய எழுத்தில். மாப்பிள்ளையுடையது சின்ன எழுத்தில்.

“என் கைதானே எழுதுச்சு,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. “முப்பத்தோரு வருஷமா இந்தக் கை ஒரு எழுத்து மாத்திப் போட்டதில்ல. கேட்டா கேப்பிடல் சாருக்கு மதம் கிடையாதுன்னு இந்த ஆபீஸ்ல எல்லாரும் சொல்வாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்.”

“அதுமேலயே பெருசா எழுதிடுங்க சார்,” என்றார் தபாலக்கா.

“மொதல்ல சின்னதா இருந்தது தெரியுமேம்மா. திருத்தின மரியாதை ஒரு மரியாதையா?”

கீழே வண்டி ஒருமுறை ஹாரன் அடித்தது. பெரிய நெருப்பு பிடித்த வீட்டிலும் சிலர் முதலில் செருப்பைத் தேடுவார்கள் அல்லவா, அப்படி அவர் கை சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தது. சின்ன எழுத்தின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று. போட்டு முடித்துப் போகிற தட்டில் வைத்தார். தன்னிடம் வந்த எந்தத் தாளுக்கும் செய்வதைத்தான் செய்தார்.

தபாலக்கா தாளைக் கையில் எடுத்தார். சிவப்பைப் பார்த்தார். உறையில் மகள் முகவரி எழுதித் தயாராக இருந்தது. இன்னொரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி மறுபடி ஹாரன் அடித்தது.

“சார். இதுல சிவப்பு பட்டிருக்கு. இது யாருக்குப் போகணும்?”

ஏழு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அக்கா அதை இத்தனை நாள் நெஞ்சிலேயே வைத்திருந்து இன்று கேட்டுவிட்டார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், தாள் உறைக்குள் போய்விடும், சிவப்பும் நீலமுமாகவே போய்ச் சேர்ந்துவிடும். மகள் பார்த்துச் சிரித்தாலும் சிரித்திருப்பாள். அப்பா தன் கடிதத்துக்கே மூன்று கோடு போட்டிருக்கிறார் என்று.

“எழுதினவனுக்கும்மா,” என்றார்.

 அக்கா தாளை அவருடைய வருகிற தட்டில் வைத்தார், உறையை அதன்மேல் வைத்தார், படியிறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு தெரு தள்ளி ஒரு கூரியர் கடை இருக்கு. அஞ்சு மணி வரைக்கும் எடுப்பாங்க,” என்றேன். “ஒரு பக்கம்தானே. வேற தாள்ல எழுதுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

“எழுதலாம்,” என்றார். வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “இந்தக் கைதானே எழுதணும்.”

நாலே கால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. கலைக்களஞ்சியத்தின் பக்கம் ஒன்று அவர் முன்னால் இருந்தது. அதில் அவர் ஒரு கோடும் போடவில்லை. மேசையில் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. திரையில் மனைவியின் பெயர். ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நான் என் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றேன், அவர் தருவார் என்று. அவர் குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தார்.

ஏழு வருடப் பதில்களை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒரு நகலை எடுத்தார். மகளின் பழைய கடிதம். நகல் எடுத்ததில் சிவப்புக் கோடுகள் கறுப்பாகியிருந்தன. மடிப்பு வெளுத்து, ‘ஒரே அலமாரி’ பாதி அழிந்திருந்தது. அதை மேசையில் விரித்து, ஜன்னல் அட்டையை வைக்காமல், முழுக் கடிதத்தையும் ஒருமுறை படித்தார். பிறகு சிவப்புப் பென்சிலைச் சீவினார். சின்ன எழுத்துக்கும் அதன் கீழே இருந்த மூன்று கறுப்புக் கோட்டுக்கும் அடியில், ஒவ்வொன்றாக, புள்ளி வைத்தார். முனை உடைந்துவிடுமோ என்று பயந்ததுபோல் மிக மெதுவாக. ஐந்து புள்ளி. ‘இருக்கட்டும், முன்பு இருந்தபடியே.’

தாளைத் தூக்கி ஒருமுறை ஊதினார். காலியாக இருந்த போகிற தட்டில், திங்கட்கிழமைப் பைக்கு வைத்தார். ஓரம் சற்றுக் கோணலாக இருந்தது. விரல் நுனியால் தட்டி நேராக்கினார்.